“எனக்கு முன்னமே வந்து போய் விட்டது” என்றால் போதுமா?



முதற் பிள்ளை வயிற்றில். கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக் கொண்டு வாங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் முறை வந்ததும் மிட்வைப் மிஸ் கேட்கும் கேள்விகளில் ஒன்று: “றுபெல்லா ஊசி போட்டிருக்கா?” நீங்கள் பக்கத்தில் நிற்கும் உம்மாவின் முகத்தைப் பார்க்கிறீர்கள். உம்மா சற்று யோசித்து விட்டு, “ஊசி போட்ட ஞாபகமில்ல மிஸ். ஆனா ஏழு வயசில இவளுக்கு சின்னமுத்து வந்து ஒரு கிழமையா படுத்த படுக்கை. ஒருக்கா வந்தா பிறகு வராதுதானே?” என்கிறார்.

உம்மா சொன்னதில் பாதி முழு உண்மை. சின்னமுத்து ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வருவது மிக மிக அரிது. ஆனால் மிஸ் கேட்டது சின்னமுத்தைப் பற்றியல்ல. றுபெல்லா என்பதை நம்மவர்கள் ‘ஜேர்மன் சின்னமுத்து’ என்று சொல்வதால் வந்த வினை இது. பெயரில்தான் உறவே தவிர, இரண்டும் வெவ்வேறு வைரசுகள். ஒன்றுக்கு எதிராக உடல் தேடிக் கொண்ட பாதுகாப்பு மற்றதற்கு உதவாது.

அதைவிட முக்கியமான சங்கதி ஒன்றுண்டு. ஏழு வயதில் வந்தது சின்னமுத்துதான் என்பதற்கு என்ன சாட்சி? காய்ச்சலும் உடம்பெல்லாம் சிவந்த தழும்பும் கண்டால் வீட்டில் ஒரு பெயர் வைத்து விடுகிறோம். சின்னமுத்தாலும் தழும்பு வரும், றுபெல்லாவாலும் வரும், டெங்குவாலும் வரும், குழந்தைகளைப் பிடிக்கும் வேறு பல வைரசுகளாலும் வரும், ஏன், ஒவ்வாத மருந்தாலும் வரும். கைதேர்ந்த வைத்தியர்கூட கண்ணால் மட்டும் பார்த்து இது றுபெல்லாதான் என்று அடித்துச் சொல்லத் தயங்குவார். றுபெல்லாவோ மிகவும் அடக்கமான நோய். இலேசான காய்ச்சல், காதுக்குப் பின்னால் சிறு நெறி, முகத்தில் தொடங்கி மூன்று நாளில் மறைந்து விடும் தழும்பு, அவ்வளவுதான். தொற்றியவர்களில் பாதிப் பேர்வரை எந்த அறிகுறியும் இல்லாமலே அதைக் கடந்து விடுகிறார்கள். ஆக, ‘வந்தது’ என்பவருக்கு வராமலும் இருக்கலாம். ‘வரவேயில்லை’ என்பவருக்கு வந்து போயும் இருக்கலாம். இந்த விடயத்தில் உம்மாமாரின் ஞாபகத்தைவிட ஊசி அட்டையும் ஒரு துளி இரத்தமும்தான் நம்பத் தகுந்தவை.

ஒரு கண் வைத்தியரின் சந்தேகம்

இவ்வளவு சாதுவான நோய்க்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்று நீங்கள் கேட்கலாம். 1941ஆம் ஆண்டு வரை வைத்திய உலகமும் அப்படித்தான் எண்ணியிருந்தது. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நோர்மன் கிரெக் என்ற கண் வைத்தியர் இருந்தார். பிறக்கும்போதே கண்ணில் வெண்புரையோடு பிறந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக ஒருவர் பின் ஒருவராக அவரிடம் வரத் தொடங்கினர். அவர் தாய்மாரிடம் விசாரித்தார். தன் சக வைத்தியர்களிடமிருந்தும் விபரம் திரட்டினார். மொத்தம் 78 குழந்தைகள். அவர்களுள் 68 பேரின் தாய்மார், கர்ப்பம் தரித்த காலத்தில், பெரும்பாலும் முதல் மாதங்களில், தமக்கு ஜேர்மன் சின்னமுத்து வந்ததாகச் சொன்னார்கள். அதற்கு முந்திய வருடம் அங்கே அந்நோய் பெருவாரியாகப் பரவியிருந்தது.

தாய்க்கு மூன்று நாள் தழும்பு. வயிற்றில் இருக்கும் சிசுவுக்கோ ஆயுள் முழுவதற்குமான ஊனம். கர்ப்பத்தின் முதல் 12 வாரங்களுக்குள் தாய்க்கு றுபெல்லா தொற்றினால் 100 சிசுக்களில் 90 வரை பாதிக்கப்படக் கூடும். கண்ணில் வெண்புரை, செவிப்புலன் இழப்பு, இதயக் குறைபாடு, மூளை வளர்ச்சிக் குறைவு என்பன அதன் விளைவுகள். கருச்சிதைவும் ஏற்படலாம். 20 வாரங்களைத் தாண்டிய பின் வரும் தொற்றினால் இப்படியான ஊனம் ஏற்படுவது அரிது. 1964, 1965ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் இந்நோய் பரவியபோது சுமார் ஒரு கோடி 25 இலட்சம் பேருக்குத் தொற்றியது. சுமார் 20,000 குழந்தைகள் பிறவியிலேயே பாதிக்கப்பட்டுப் பிறந்தார்கள். அந்த அதிர்ச்சியின் சூட்டோடுதான் இரத்தத்தில் பாதுகாப்பு உண்டா என்று பார்க்கும் பரிசோதனை அறுபதுகளில் பரவலானது. 1969இல் தடுப்பூசியும் பாவனைக்கு வந்தது.

இரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்?

ஒரு வைரசு உடலுக்குள் நுழைந்தால் அதை எதிர்ப்பதற்கென்றே இரத்தத்தில் பிறபொருளெதிரிகள் உண்டாகின்றன. பாடசாலையில் விஞ்ஞானம் படித்த பிள்ளைகளிடம் கேளுங்கள், அழகாகச் சொல்வார்கள். இவற்றில் இரு வகைகள் நமக்கு இங்கே முக்கியம். ஆய்வுகூட ரிப்போட்டில் ஐ.ஜீ.எம். என்றும் ஐ.ஜீ.ஜீ. என்றும் எழுதியிருப்பார்கள். தொற்று ஏற்பட்டதும் முதலில் தலைகாட்டுவது ஐ.ஜீ.எம். இது பொதுவாகச் சில வாரங்கள் இருந்து விட்டு மறைந்து விடும். ஐ.ஜீ.ஜீ. அதன் பின்னால் வந்து, றுபெல்லாவைப் பொறுத்தவரை, பெரும்பாலும் ஆயுள் முழுதும் தங்கி விடுகிறது.

ஆகவே, ‘எனக்கு றுபெல்லாவுக்கு எதிரான நிர்ப்பீடனம் இருக்கிறதா?’ என்று அறிய வேண்டுமானால் பார்க்க வேண்டியது ஐ.ஜீ.ஜீ. ஒன்றுதான். பல ஆய்வுகூடங்கள் ஒரு மில்லிலீற்றருக்கு 10 சர்வதேச அலகு என்பதை எல்லையாக வைத்திருக்கின்றன. அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று கொள்கிறார்கள். அது நோய் வந்து போனதால் கிடைத்ததா, ஊசியால் கிடைத்ததா என்று பரிசோதனை சொல்லாது. அதைப் பற்றி நாமும் கவலைப்பட வேண்டியதில்லை. இலக்கம் 30 இருந்தால் என்ன, 300 இருந்தால் என்ன, கூடிய இலக்கம் கூடிய பாதுகாப்பு என்று பக்கத்து வீட்டு மச்சியின் ரிப்போட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. வெவ்வேறு ஆய்வுகூட இயந்திரங்கள் ஒரே இரத்தத்துக்கே வெவ்வேறு இலக்கம் காட்டுவதுண்டு.

இனி நான் சொல்லப் போவதைச் சகோதரிகள் சற்றுக் கவனமாக வாசிக்க வேண்டும். ஏனெனில் வீணான கண்ணீர் அதிகம் சிந்தப்படுவது இந்த இடத்தில்தான்.

ஒரு தரம் கரு கலைந்து விட்டது என்று வைத்துக் கொள்வோம். அடுத்த கர்ப்பம் தரித்ததும் பயம். தனியார் ஆய்வுகூடத்தில் ‘டோர்ச்’ என்ற பெயரில் பல கிருமிகளுக்கான பரிசோதனைகளை ஒரே கட்டாகச் செய்து விடுகிறார்கள். றுபெல்லாவுக்கு ஐ.ஜீ.ஜீ., ஐ.ஜீ.எம். இரண்டும் அதில் சேர்ந்தே வரும். காய்ச்சலும் இல்லை, தழும்பும் இல்லை, நோயாளி எவரோடும் பழகவுமில்லை. ஆனால் ரிப்போட்டில் ஐ.ஜீ.எம். ‘பொசிட்டிவ்’. அவ்வளவுதான், வீடு மரண வீடு போலாகி விடும். கலைத்து விடுவதா என்றுகூட மூலையில் நின்று குசுகுசுப்பார்கள். தாயின் உயிரைக் காப்பதற்கேயன்றி கருக்கலைப்புக்கு நம் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை; மார்க்கத்திலும் அது இலேசான காரியமல்ல. இருந்தும் பயம் மனிதரை எதையும் பேச வைக்கும்.

உண்மை என்ன? ஐ.ஜீ.எம். பரிசோதனை சில வேளைகளில் பொய் சொல்லும். வேறொரு வைரசுத் தொற்றோ, சில வகை மூட்டு வாத நோய்களில் இரத்தத்தில் காணப்படும் பதார்த்தமோ அதை ஏமாற்றி விடலாம். எப்போதோ போட்ட ஊசியின் அல்லது பழைய தொற்றின் ஐ.ஜீ.எம். சிலருக்கு மாதக் கணக்கில் மறையாமலும் இருப்பதுண்டு. அத்தோடு ஒரு சிறு கணக்கும் இருக்கிறது. நோய் ஊரெங்கும் பரவியிருக்கும் காலத்தில் ‘பொசிட்டிவ்’ வந்தால் அது பெரும்பாலும் மெய். நோயே அருகிப்போன நாட்டில், எந்த அறிகுறியும் இல்லாத பெண்ணுக்கு அதே முடிவு வந்தால் அது பெரும்பாலும் பொய். இலங்கையும் மாலைதீவும் றுபெல்லாவை ஒழித்து விட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் அறிவித்தது. அதனால்தான் தழும்போ, நோயாளியுடன் தொடர்போ இல்லாத கர்ப்பிணிக்கு ஐ.ஜீ.எம். பரிசோதனை செய்யவே வேண்டாம் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள்.

ஏற்கெனவே செய்து விட்டீர்களா? அப்படியானால் பதற வேண்டாம். அந்த ஒரு கடதாசி தீர்ப்பல்ல. மகப்பேற்று வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். அவர் இரண்டு வழிகளில் உண்மையைத் தேடலாம். இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுத்து ஐ.ஜீ.ஜீ. ஏறுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று பார்ப்பது ஒன்று. மற்றது ஐ.ஜீ.ஜீ.யின் பிடிமானத்தை அளக்கும் விசேட பரிசோதனை. புதிதாக உண்டான ஐ.ஜீ.ஜீ. வைரசை இலேசாகத்தான் பற்றும். மாதங்கள் செல்லச் செல்ல அதன் பிடி இறுகும். பிடி இறுகியிருந்தால் அந்தத் தொற்று மூன்று மாதத்துக்கு முந்தியது என்று பொருள். இரண்டு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு இந்த முடிவு வந்தால், அவர் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே அது நடந்து முடிந்த கதை என்பது தெளிவாகி விடுகிறது.

கர்ப்பத்துக்கு முன்னர்

இத்தனை சிக்கலும் இல்லாமல் தப்ப இலகுவான வழி, நிக்காஹ் முடிந்த கையோடு, முடிந்தால் அதற்கு முன்னரே, இதைப் பார்த்துக் கொள்வது. நம் நாட்டில் றுபெல்லாத் தடுப்பூசி 1996இல் பெண்களுக்கு அறிமுகமானது. 2001இலிருந்து சின்னமுத்தோடு சேர்த்துக் குழந்தைகளுக்குப் போடப்பட்டது. 2011இலிருந்து கூகைக்கட்டும் சேர்ந்து மூன்று நோய்க்கும் ஒரே ஊசியாக வழங்கப்படுகிறது. ஆகவே இன்று திருமண வயதில் இருக்கும் பெரும்பாலான பெண்கள் ஊசி போட்டவர்களே. சிக்கல், அட்டை இல்லாததுதான். வீடு மாறும்போது தொலைத்தவர்கள் ஒரு புறம். 2004 சுனாமியில் மருதமுனை, சாய்ந்தமருது போன்ற கரையோர ஊர்களில் வீடே போனபோது அட்டை எம்மாத்திரம்?

அட்டை இல்லையென்றால் முதலில் இரத்தம் பரிசோதிக்கத்தான் வேண்டுமா என்று கேட்பீர்கள். கட்டாயமில்லை. கர்ப்பமில்லை என்பது நிச்சயமானால் வைத்தியரின் ஆலோசனையோடு நேரே ஊசியைப் போட்டுக் கொள்ளலாம். ஏற்கெனவே பாதுகாப்பு உள்ளவருக்கு இன்னொரு ஊசியால் தீங்கில்லை. பரிசோதனைக்குச் செலவழிக்கும் காசும் மிச்சம். ஒரே ஊசியில் 100 பேரில் 95 பேருக்குக் குறையாமல் பாதுகாப்பு உண்டாகிறது. ஊசி போட்ட அத்தாட்சி இருந்தும் ஐ.ஜீ.ஜீ. எல்லைக்குச் சற்றுக் கீழே வந்தால் இன்னொரு தடவை போடுவார்கள். அதன் பின் மீண்டும் மீண்டும் இரத்தம் குத்திப் பார்க்கத் தேவையில்லை.

இது உயிருள்ள, பலவீனப்படுத்திய வைரசு கொண்ட ஊசி என்பதால் கர்ப்பிணிக்குப் போடக் கூடாது. போட்ட பின் குறைந்தது ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் இருக்க வேண்டும்; உங்கள் வைத்தியர் கூடுதல் காலம் சொன்னால் அதையே கடைப்பிடியுங்கள். தெரியாமல் போட்டுக் கொண்டு பிறகு கர்ப்பம் என்று அறிந்தவர்கள் கலங்க வேண்டாம். அப்படிப் பிறந்த குழந்தைகளைப் பல நாடுகளில் கவனித்துப் பார்த்ததில், இந்த ஊசியால் பிறவி ஊனம் ஏற்பட்டதாகத் தெரியவரவில்லை. பாலூட்டும் தாய்க்கும் இதைப் போடலாம். ஆகையால் இந்தக் கர்ப்பத்தில் பாதுகாப்பு இல்லை என்று தெரிய வந்த தாய், பிள்ளை பிறந்த கையோடு, வீடு திரும்பு முன்பே போட்டுக் கொள்வது உத்தமம். பலர் அப்போது மறந்து விடுகிறார்கள்.

அதே எழுத்துக்கள், வேறு அர்த்தம்

றுபெல்லாவில் ஐ.ஜீ.ஜீ. ஒரு நற்செய்தி. இதை வாசித்து விட்டு எல்லா நோய்க்கும் அப்படித்தான் என்று நினைத்து விடாதீர்கள். டெங்கு ரிப்போட்டிலும் இதே எழுத்துக்கள் வரும். ‘டெங்கு ஐ.ஜீ.ஜீ. பொசிட்டிவ், அப்ப இனி எனக்கு டெங்கு வராது’ என்று நெஞ்சை நிமிர்த்துவோரைப் பார்க்கிறோம். டெங்கு வைரசில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்தால் அந்த வகையிலிருந்து மட்டுமே நீண்ட காலப் பாதுகாப்பு. மற்ற மூன்றும் சில மாதங்களுக்குப் பின் தாராளமாகப் பிடிக்கலாம். அப்படி இரண்டாம் தடவை வேறு வகை பிடிக்கும்போதுதான் இரத்தப் பெருக்கும் அதிர்ச்சியும் ஏற்படும் ஆபத்துக் கூடுகிறது. பழைய பிறபொருளெதிரிகள் புதிய வைரசைக் கொல்ல முடியாமல், அது கலங்களுக்குள் நுழைவதற்கு வழிகாட்டி விடுவது இதற்கு ஒரு காரணம். சாதாரண ஆய்வுகூடப் பரிசோதனையோ எந்த வகை வந்து போனது என்று சொல்வதில்லை.

பிலிப்பைன்ஸ் நாட்டில் 2016இல் தொடங்கி 8 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்குத் தடுப்பூசி ஒன்று போடப்பட்டது. முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு அந்த ஊசி, முதல் தொற்றுப் போலவே வேலை செய்து, பின்னர் வரும் டெங்குவைக் கடுமையாக்கக் கூடும் என்று 2017 இறுதியில் தெரிய வந்தது. திட்டம் நிறுத்தப்பட்டது. நாடே கொந்தளித்தது. அந்த ஊசியைப் போடுவதானால் முதலில் இரத்தம் பரிசோதித்து, டெங்கு வந்து போனவருக்கு மட்டுமே போட வேண்டும் என்று 2018இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவுறுத்தியது. 2017இல் நம் நாட்டில் டெங்குவால் பீடிக்கப்பட்டோராகப் பதிவானவர்கள் 186,000க்கும் அதிகம். அந்த வருடம் உங்கள் வீட்டில் எவருக்காவது வந்திருந்தால், அவருக்கு மீண்டும் காய்ச்சல் கண்டால் ‘வந்து போனதுதானே’ என்று இருந்து விடாமல், மற்றவரைவிட முந்திக் கொண்டு இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

கொரோனாக் காலத்தில் சுகமானவர்கள் பிறபொருளெதிரி பார்க்கக் காசு கொடுத்ததும், இலக்கம் நன்றாக இருந்தவர்களையே 2021 இறுதியில் தோன்றிய ஒமிக்ரோன் மீண்டும் பிடித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வைரசு உருமாறிக் கொண்டே இருப்பது. றுபெல்லா அப்படியல்ல.

கொப்புளிப்பானின் கதை இன்னொரு விதம். இங்கே உம்மாவின் ஞாபகத்தை நம்பலாம். நீர் கோத்த அந்தக் கொப்புளங்களை வேறொன்றாக மயங்குவது கடினம். கர்ப்பிணி ஒருவர் கொப்புளிப்பான் வந்தவரோடு ஒரே வீட்டில் இருக்க நேர்ந்து, தனக்கு முன்பு வந்ததில்லை என்றும் சொன்னால், உடனே ஐ.ஜீ.ஜீ. பார்க்க வேண்டும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சிறு வயதில் இந்நோய் வராமலே வளர்ந்தவர்கள் குளிர் நாடுகளைவிட அதிகம். பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கடுமையாக வரக் கூடும். வேளைக்குத் தெரிந்தால் தடுக்க வழியுண்டு.

சந்தேகமான ஒருவர் வீட்டுக்கு வந்து போனால்

மீண்டும் றுபெல்லாவுக்கே வருவோம். நோய் ஒழிந்த நாடென்றாலும் வாசல் திறந்துதான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவருக்கு இரண்டு நாளில் தழும்பு போடுகிறது. நீங்களோ இரண்டரை மாதக் கர்ப்பிணி. ஊசி அட்டையும் இல்லை. தழும்பு தோன்றுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அவரிடமிருந்து பிறருக்குத் தொற்றக் கூடும் என்பதால், இனி ஒதுங்கி இருப்பது மட்டும் போதாது. அன்றே, பிந்தினால் மறுநாளே, வைத்தியரைக் கண்டு இரத்தம் கொடுங்கள். இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. தொற்றி இரண்டு வாரமளவில்தான் நோய் வெளிப்படும், ஐ.ஜீ.ஜீ. உண்டாவதும் அப்போதுதான். எனவே தொடர்பு ஏற்பட்டு முதல் பத்து நாளுக்குள் எடுத்த இரத்தத்தில் ஐ.ஜீ.ஜீ. இருந்தால் அது பழையது. நீங்கள் பாதுகாப்போடு இருக்கிறீர்கள் என்று நிம்மதியாக வீடு போகலாம். ஒரு மாதம் யோசித்து விட்டுப் போனால், இருக்கும் ஐ.ஜீ.ஜீ. பழையதா புதியதா என்று பிரித்தறிவது பெரும்பாடாகி விடும்.

முதல் இரத்தத்தில் ஐ.ஜீ.ஜீ. இல்லையென்றால் மூன்று, நான்கு வாரங்களில் மீண்டும் பார்ப்பார்கள். தேவையானால் ஆறாம் வாரத்திலும் பார்ப்பார்கள். முதல் தடவை இரத்தம் கொடுக்கும்போதே, அதில் ஒரு பகுதியைக் குளிரூட்டிப் பத்திரப்படுத்தும்படி வைத்தியர் மூலம் ஆய்வுகூடத்தைக் கேட்டுக் கொள்ளுங்கள். இரண்டாவது இரத்தத்தையும் அதே ஆய்வுகூடத்தில் கொடுத்தால், இரண்டையும் ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பார்கள்.